ஓவர்ஹால் முடிந்தும் அடம்பிடிக்கும் டர்போ 350

ஷெவ்ரலேயும் பியூக்கும் சேர்ந்து உருவாக்கி 1969 மாடல் வண்டிகளில் வந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. பழைய நோவா, கமாரோ, ஷெவெல் வண்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் இந்த மூன்று கியர் பாக்ஸ்தான். கம்ப்யூட்டர் கிடையாது. ஆயில் அழுத்தம், இன்ஜின் வேக்குவம் (இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்), வண்டியின் வேகத்தை உணரும் சுழலும் கவர்னர் இந்த மூன்றும் பேசி முடிவெடுத்து கியர் மாற்றுகின்றன. எனவே புது பிளேட், புது சீல் போட்டு மாட்டிய பிறகும் வண்டி முரண்டு பிடித்தால், தப்பு பாக்ஸுக்குள்தான் என்று முடிவு கட்டக் கூடாது. வெளியில் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் போதும். மறுபடி இறக்கி ஏற்றினால் ஒரு நாள் கூலி போகும்.

முதலில் ஆயில். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே பாக்ஸுக்குக் கடத்தும் கன்வர்ட்டரும் காலியாக இருந்தால் மொத்தம் ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர் பிடிக்கும். நான்கைந்து லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, கன்வர்ட்டர் இழுக்க இழுக்கச் சேர்க்க வேண்டும். எல்லா நிலைக்கும் லிவரைப் போட்டு வந்து, பார்க்கில், இன்ஜின் ஓடும்போது, ஆயில் சூடாக இருக்கையில் டிப்ஸ்டிக் பார்ப்பதுதான் கணக்கு. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடும். கூடினாலும் இதே வம்புதான்: சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைத்து, கிளட்ச் வழுக்கும்.

அடுத்தது லிவர் சொல்லும் சாட்சி. எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கிறது என்று மனப்பாடம் இருந்தால் பாதிக் குறை உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். முன்னோக்கிய எல்லாக் கியருக்கும் ஃபார்வர்டு கிளட்ச் வேண்டும். சாதாரணமாக ஓட்டும் ‘டி’யில் முதல் கியரைத் தாங்குவது பின்னாலிருக்கும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் லோ ரோலர் கிளட்ச். லிவரை ‘எல்’லுக்கு (லோ) தள்ளினால் லோ-ரிவர்ஸ் கிளட்ச்சும் கூடச் சேரும். ஆகவே ‘டி’யில் வழுக்கி ‘எல்’லில் நன்றாக இழுத்தால் ரோலர் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் வழுக்கினால் ஃபார்வர்டு கிளட்ச். மூன்றாவது கியரும் ரிவர்ஸும் சேர்ந்து போனால் டைரக்ட் கிளட்ச்தான்; இரண்டுக்கும் அது பொது. பொருத்தும்போது லிப் சீல் மடங்கியிருக்கலாம், பம்ப் கழுத்தில் உள்ள சீலிங் ரிங் உடைந்திருக்கலாம். ரிவர்ஸ் மட்டும் இல்லையென்றால் லோ-ரிவர்ஸ் பக்கம். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இன்ஜின் அலறிவிட்டு நேரே மூன்றில் விழுந்தால் இன்டர்மீடியட் கிளட்ச், அல்லது அதன் ரோலர். நியூட்ரலில் வண்டி ஊர்கிறதா? லிவர் கம்பியின் அளவைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் ஃபார்வர்டு கிளட்ச்சில் பிளேட்டுகளுக்கிடையே இடைவெளி போதவில்லை.

கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறுகிறது என்ற புகாருக்குத்தான் வேக்குவம். பாக்ஸின் வலப்புறப் பின்பகுதியில் ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் மாடுலேட்டர், வேக்குவத்தைப் பார்த்து ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்; அதற்கு இன்ஜினின் இன்டேக் மானிஃபோல்டிலிருந்து நேரடியாக வேக்குவம் வர வேண்டும். ஐடிலில் 15 முதல் 20 அங்குல மெர்க்குரி இருக்கும். கார்பரேட்டரில் த்ராட்டிலுக்கு மேல் உள்ள துளையில் டியூபைச் செருகினால் ஐடிலில் ஒன்றும் வராது. இன்ஜின் முழு பாரத்தில் இருப்பதாக நினைத்து பாக்ஸ் அழுத்தத்தை ஏற்றிவிடும். டியூபைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்துவிட்டது. சைலன்சரில் வெண்புகை வருவதும், சொட்டு லீக் இல்லாமல் ஆயில் குறைவதும் அதே கதை. கழற்றும்போது பின்னாலிருக்கும் சிறு வால்வு நழுவி விழும். அது இல்லாமல் திரும்ப மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று, ரேஸ் கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்ட இன்ஜினில் வேக்குவமே குறைவு. அங்கே பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் கியரிலேயே நின்றுவிட்டால் இடப்புறப் பின்பகுதிக்குப் போக வேண்டும். கம்பிக் கிளிப்பை நீக்கி மூடியைத் திறந்தால் கவர்னர் கையோடு வரும். எடைகள் தடையின்றி அசைகின்றனவா, நைலான் பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெடலை முழுதாக மிதித்தால் கீழ் கியருக்கு இறக்கும் கிக்-டவுன் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தாலும் கியர் மாறத் தாமதமாகும். பெடல் முழுதாக மிதிக்கப்படும்போதுதான் அது இழுபட வேண்டும்.

இவ்வளவும் சரியென்றால் கேசில் உள்ள 1/8 அங்குலப் பிளக்கைக் கழற்றி பிரஷர் கேஜ் மாட்டுங்கள். வேக்குவம் டியூபை உருவினால் முள் 150 பிஎஸ்ஐயை ஒட்டி ஏற வேண்டும்; ரிவர்ஸில் அதைவிடக் கூடும். ஏறாவிட்டால் பம்ப், ஃபில்டர் கேஸ்கெட், ரெகுலேட்டர் வால்வு இவற்றில் ஒன்று.

கடைசியாக, மாட்டும்போதே நடந்துவிடும் விபரீதம் ஒன்று உண்டு. கன்வர்ட்டரைச் சுழற்றித் தள்ளினால் இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப் என மூன்று இடங்களில் ‘டொக்’கென்று இறங்க வேண்டும். பாக்ஸ் இன்ஜினோடு முழுதாக ஒட்டியபின் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் பின்னால் கன்வர்ட்டர் பொருந்தும் தட்டு) கன்வர்ட்டருக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி இல்லாதபோதும் போல்ட்டை முறுக்கி பாக்ஸை இழுத்தவர்கள் பம்பை உடைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி உடைந்த பாக்ஸில் கேஜ் மாட்டினாலும் முள் அசையாது.