ரிஜிஸ்டர்ல எல்லா நாளும் 0.5

குடிதண்ணி வேலைக்கு வந்து பதினேழு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல லேப், அப்புறம் ஃபீல்டு, இப்ப கொஞ்ச வருஷமா சில குடிநீர் திட்டங்களோட தரம் பார்க்குற பொறுப்பு. இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டதுல பாதி, வேலைக்கு சேர்ந்த முதல் வாரத்துல ஒரு காலி பாட்டில் வச்சே தொடங்கிடுச்சு, அதை சொல்லிட்டு மேல போறேன்.

பாக்டீரியா டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுத்துட்டு வர சொல்லி அனுப்பினாங்க. பாட்டிலோட அடியில வெள்ளையா துளியூண்டு என்னமோ ஒட்டியிருந்துச்சு, நான் அழுக்குனு நினைச்சு அந்த குழாய் தண்ணியிலயே ரெண்டு தடவை நல்லா குலுக்கி அலசிட்டு, அப்புறம் ரொப்பி, ஐஸ் பெட்டியில வச்சு பத்திரமா கொண்டு வந்து குடுத்தேன். எங்க சீனியர் கெமிஸ்ட் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கி பார்த்துட்டு "தம்பி, அலசினியா?"ன்னார். ஆமா சார்னேன். அவர் திட்டலை, உக்கார வச்சு சொன்னார். அடியில இருந்தது சோடியம் தயோசல்ஃபேட், தண்ணியில இருக்குற குளோரினை அந்த நிமிஷமே செயலிழக்க வைக்கிறதுக்காக லேப்லயே போட்டு அனுப்புறது. அது இல்லேன்னா வண்டியில வர்ற நாலு மணி நேரமும் பாட்டிலுக்குள்ள குளோரின் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், இருந்த கிருமியெல்லாம் வழியிலயே செத்துடும், லேப்ல தண்ணி நல்லா இருக்குனு ரிசல்ட் வரும். "ஆனா குழாயைத் திறந்து குடிச்சவனுக்கு அந்த நாலு மணி நேரம் கிடைக்கலையேப்பா" அப்படின்னார். அந்த வார்த்தை இன்னிக்கும் காதுலயே இருக்கு. அந்த சாம்பிளை கொட்டிட்டு மறுபடியும் போய் எடுத்துட்டு வந்தேன்.

லேப்ல நாங்க பண்றது, 100 மில்லி தண்ணியை 0.45 மைக்ரான் ஓட்டை உள்ள ஒரு வட்ட ஃபில்டர் தாள் வழியா உறிஞ்சி, அந்த தாளை கிருமி வளர்றதுக்கான ஊடகத்து மேல வச்சு இன்குபேட்டர்ல விட்டுடுவோம். குடிக்கிற தண்ணியில 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலை (மலத்துலேர்ந்து வர்ற பாக்டீரியா) கூட இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு. ஆனா அது முளைச்சு கண்ணுக்கு தெரிய 18லேர்ந்து 24 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அந்த தண்ணியை ஜனங்க குடிச்சு முடிச்சிருப்பாங்க, குழந்தைக்கு குடுத்திருப்பாங்க. நாங்க கையெழுத்து போடுற ரிசல்ட் எப்பவுமே நேத்து தண்ணியைப் பத்தினது. இது புரியாம, லேப் எண்ணிக்கையை கூட்டினா தண்ணி சுத்தமாயிடும்னு நினைக்கிறவங்க பெரிய பதவியில கூட இருக்காங்க. லேப் வேணும், கண்டிப்பா வேணும். ஆனா இன்னிக்கு இந்த நிமிஷம் குழாய்ல வர்ற தண்ணியை காவல் காக்குறது, பம்ப் ஹவுஸ்ல உக்கார்ந்து குளோரின் அளவு பார்த்து எழுதுற ஆபரேட்டர்தான்.

அப்படி ஒரு பம்ப் ஹவுஸ்லதான் அந்த ரிஜிஸ்டரை பார்த்தேன்.

ஃபீல்டுக்கு மாறி ரெண்டாவது வருஷம். ரிஜிஸ்டரைப் புரட்டுறேன், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்குன்னு எழுதுற இடத்துல ஒவ்வொரு நாளும் காலையில 0.5, சாயங்காலம் 0.5, மழை பெஞ்ச நாள் 0.5, பம்ப் ரிப்பேர்னு பக்கத்துலயே எழுதியிருக்குற நாள் கூட 0.5. ஒரே பேனா, ஒரே சாய்வு. தண்ணி அப்படி இருக்காது. ஆத்துல கலங்கல் ஏறினா குளோரினை அதுவே தின்னுடும், வெயில் ஏறினா குறையும், குளோரின் மருந்து பழசானா குறையும், லைனோட கடைசி வீட்டுக்கு போறதுக்குள்ள இன்னும் குறையும். உண்மையான ரிஜிஸ்டர் மேலயும் கீழயுமா ஆடிக்கிட்டுத்தான் இருக்கும்.

வாசல்ல இருந்த குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கண்ணாடி குழாய்ல பத்து மில்லி கோடு வரைக்கும் பிடிச்சு, டி.பி.டி மாத்திரையை நுணுக்கி போட்டேன். குளோரின் இருந்தா போட்டவுடனே ரோஸ் கலர் வரணும், எவ்வளவு அழுத்தமா வருதோ அவ்வளவு குளோரின். ஒண்ணும் வரலை. தண்ணி கண்ணாடி மாதிரி அப்படியே நிக்குது. சில சமயம் குளோரின் ரொம்ப அதிகமா இருந்தாலும் அந்த கலரையே வெளுத்துடும், அதனால நல்ல தண்ணி கலந்து பத்து மடங்கு நீர்த்து மறுபடியும் பார்த்தேன். அப்பவும் இல்லை. மோந்து பார்த்தா வாசனையும் இல்லை. ஆபரேட்டர் அண்ணன் பக்கத்துலயே நின்னு அந்த கண்ணாடி குழாயையே பார்த்துக்கிட்டு இருந்தார், என்னை விட இருபது வயசு மூத்தவர், கை லேசா நடுங்குச்சு.

நான் கோபமாத்தான் கேட்டேன், "என்னண்ணே இது?"

அவர் எதுவும் பேசாம உள்ள போய் ஒரு காலி டப்பாவை எடுத்துட்டு வந்தார். டெஸ்ட் மாத்திரை தீர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. ப்ளீச்சிங் பவுடர் டிரம்மை காட்டினார், மூடி உடைஞ்சு, உள்ள ஈரம் ஏறி கட்டி கட்டியா கிடந்துச்சு. புதுசா வர்ற பவுடர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குளோரின் கிடைக்கணும், அது நாள் ஆக ஆக, அதுவும் ஈரத்துல சூட்டுல கிடந்தா, மடமடன்னு இறங்கிடும். அவர் அளவு தப்பாம கரைச்சு ஊத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கார், ஆனா ஊத்தினதுல சத்து இல்லை. "மூணு லெட்டர் எழுதினேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை 0.1ன்னு உள்ளபடியே எழுதினதுக்கு மெமோ குடுத்தாங்க. அன்னிலேர்ந்து 0.5 எழுதுறேன்."

திரும்பி வந்து எங்க ஆபீஸ்லயே அந்த ஃபைலை தேடி எடுத்தேன். மூணு லெட்டரும் இருந்துச்சு. மூணுலயும் பெறப்பட்டதுனு சீல் இருந்துச்சு. மெமோவோட காப்பியும் அதே ஃபைல்ல அடுத்த பக்கத்துல இருந்துச்சு. அந்த ராத்திரி எனக்கு தூக்கம் வரலை, ஏன்னா அந்த ரிஜிஸ்டர்லேர்ந்து மாசாமாசம் எடுத்து கூட்டி சராசரி போட்டு மேலிடத்துக்கு அனுப்புற ரிப்போர்ட்ல கையெழுத்து போடுறவங்கள்ல நானும் ஒருத்தன். அந்த சராசரியும் 0.5தான். எனக்கே ஒரு தடவை கூட சந்தேகம் வரலை.

கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர், ஐயாயிரம் பேர் மாதிரி இருப்பாங்க. 2000 மே மாசம் பலத்த மழையில மாட்டுச்சாணம் கரைஞ்சு அவங்க குடிதண்ணி கிணத்துல இறங்கி, ஈ.கோலையில O157ங்கிற ஆபத்தான வகை பரவி 7 பேர் செத்து, சுமார் 2,300 பேருக்கு உடம்பு முடியாம போச்சு. விசாரணையில என்ன வெளியே வந்துச்சுன்னா, அங்க குளோரின் அளவை பார்க்காமலே 0.5, 0.75ன்னு வருஷக்கணக்கா எழுதி வச்சிருந்தாங்க. இதை படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, அதே நம்பர். லேப் ரிசல்ட்ல கிருமி இருக்குனு வந்த பிறகும் அங்க இருந்த மேனேஜர் தண்ணி நல்லாத்தான் இருக்குனு சுகாதாரத் துறைகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார், லேப் நேரா சுகாதாரத் துறைக்கு சொல்லணும்னு அப்ப கட்டாயமும் கிடையாது. அந்த ஆளுங்க பண்ணினது மன்னிக்க முடியாத தப்பு. ஆனா வருஷக்கணக்கா ஒரே நம்பர் வந்துக்கிட்டு இருந்ததை வாங்கிப் பார்த்த ஒருத்தருக்கும் உறுத்தலையேங்கிறதுதான் என்னை அதிகமா வாட்டுது.

குளோரின் ஒண்ணு சரியா இருந்தா போதும்னும் இல்லை. 1993ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற ஒட்டுண்ணிக் கிருமி ஃபில்டரைத் தாண்டி வந்து நாலு லட்சம் பேர் வரைக்கும் பாதிக்கப்பட்டதா கணக்கு. அது குளோரினுக்கு அசையாது, அதைப் பிடிக்கிறது நல்ல மணல் ஃபில்டரும் கலங்கல் அளவைப் பார்க்குற கண்ணும்தான். பங்களாதேஷ்ல குளத்து தண்ணி குடிச்சு வயித்துப்போக்குல குழந்தைங்க சாகக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல லட்சக்கணக்குல குழாய்க் கிணறு போட்டாங்க, கிருமி குறைஞ்சுச்சு, ஆனா மண்ணுலயே இருந்த ஆர்சனிக் அந்த தண்ணியில வந்துச்சு. அப்புறம் டெஸ்ட் பண்ணி, ஆபத்தான கிணத்துக்கு சிவப்பும் நல்லதுக்கு பச்சையும் பெயின்ட் அடிச்சாங்க. ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ ருசியோ இல்லை, கொதிக்க வச்சாலும் போகாது.

இதையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2004ல, கடைசி குழாய்ல மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க, மழை விழுற இடத்துலேர்ந்து வீட்டு குழாய் வரைக்கும் எங்கெங்க கெடும்னு முன்னாடியே யோசிச்சு அங்கங்க தடுப்பு வைங்கன்னு சொல்லி, குடிநீர் பாதுகாப்புத் திட்டம்னு கொண்டு வந்தாங்க. நியூயார்க் நகரம் 1997ல செஞ்ச ஒப்பந்தம் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். பெரிய செலவுல ஃபில்டர் பிளான்ட் கட்டுறதுக்கு பதிலா, தூரத்துல இருக்குற மலை நீர்ப்பிடிப்பு பகுதியை காப்பாத்துறதுக்கு பணம் போட்டாங்க, நிலத்தை வாங்கினாங்க, அங்க இருக்குற விவசாயிகளோட சேர்ந்து வேலை செஞ்சாங்க. இன்னிக்கும் அந்த நகரத்துக்கு வர்ற தண்ணியில பெரும்பகுதி ஃபில்டர் பண்ணாமலே வருது.

ஆனா பொதுவா ஒரு நாட்டுல என்ன நடக்குதுன்னா, தண்ணி எவ்வளவுன்னு பார்க்குறது ஒரு டிபார்ட்மென்ட், சுத்தம் பார்க்குறது இன்னொண்ணு, கழிவு விடுறவனை பிடிக்க வேண்டியது மூணாவது. தண்ணிக்கு இந்த பிரிவினை எதுவும் தெரியாது. கடலோரத்துல நிலத்தடி நல்ல தண்ணி மட்டம் ஒரு மீட்டர் இறங்கினா, அடியில உப்புத்தண்ணி சுமார் 40 மீட்டர் மேல ஏற இடம் கிடைக்கும். எடுத்த அளவு பத்தின பிரச்சனைதான் அங்க தரப் பிரச்சனையா வந்து நிக்குது. விட்டு விட்டு சப்ளை பண்ற லைன்லயும் அதே கதை, தண்ணி நின்னதும் குழாய்க்குள்ள அழுத்தம் போயிடும், விரிசல் வழியா பக்கத்து சாக்கடையை உள்ள இழுக்கும், பிளான்ட்ல எவ்வளவு சுத்தம் பண்ணி அனுப்பினாலும் வழியில கெடும்.

அந்த பம்ப் ஹவுஸ் விஷயம் அப்புறம் என்னாச்சுன்னா, அன்னிக்கே வேற இடத்துலேர்ந்து புது பவுடர் வரவழைச்சு, குடிக்கிற தண்ணியை கொதிக்க வச்சு குடிங்கன்னு வீடு வீடா சொல்ல ஆள் அனுப்பினோம். மேல இருந்தவங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் பிடிவாதமா கேட்டேன், குறைஞ்ச நம்பர் எழுதினதுக்காக யாருக்கும் மெமோ போகக்கூடாது, நம்பர் குறைஞ்சும் நாம ஆள் அனுப்பலைன்னா அதுக்குத்தான் கேள்வி வரணும். சுலபமா ஒத்துக்கலை, ஆபரேட்டருக்கு பயம் விட்டுப்போயிடும்னாங்க. எட்டு மாசம் ஆச்சு. அந்த மெமோவை ஃபைல்லேர்ந்து ரத்து பண்ண வச்சேன், அந்த ஆர்டர் காப்பியை நானே எடுத்துட்டு போய் அண்ணன் கையில குடுத்தேன், படிச்சுட்டு நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

அடுத்த மழைக்காலத்துல போய் ரிஜிஸ்டரைத் திறந்தேன். 0.4, 0.6, 0.3, 0.5, 0.2. ஒரு பக்கத்துல சிவப்பு பேனாவுல காலை 5.10, 0.0. பக்கத்துல அவரோட கையெழுத்துல, "குளோரின் டோசிங் லைன் அடைப்பு. வால்வ் மூடிட்டேன். ஆபீஸுக்கு போன் பண்ணிட்டேன்." அதுக்கு கீழ 7.40, 0.5, வால்வ் திறந்தாச்சு.

ஒரு சொட்டு கூட லைனுக்கு போகலை.