மருத்துவக் கஞ்சா: வேட்பாளர்கள் சொல்வதும் அவர்களால் செய்ய முடிவதும்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மருத்துவக் கஞ்சா பற்றி வேட்பாளர்களிடம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். பதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வருகிறது: நோயாளிகள் மீது இரக்கம் உண்டு, முடிவை அந்தந்த மாநிலங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கருத்துக்கணிப்புகளில் மிகப் பெரும்பான்மையினர் ஆதரிக்கும் ஒன்றை வெளிப்படையாக எதிர்த்து வாக்கு இழக்க இன்று யாரும் விரும்புவதில்லை. ஆனால் இந்தப் பதிலை ஒரு நிலைப்பாடாக என்னால் ஏற்க முடியவில்லை. மாநிலங்களுக்கு விடுகிறேன் என்பவர், மத்திய சட்டத்தை என்ன செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையான பதிலாகும்.

சிக்கலின் வேர் 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டம் போதை தரும் பொருள்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்து, கஞ்சாவை ஹெராயினுடன், கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு அதிகம், ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லை, மருத்துவக் கண்காணிப்பிலும் பாதுகாப்பானது அல்ல என்ற மூன்றும் அந்த அட்டவணைக்கான அளவுகோல்கள். அதிபர் நிக்சன் காலத்தில் அமைக்கப்பட்ட ஷேஃபர் ஆணையம், சொந்த உபயோகத்துக்காகக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று 1972இல் பரிந்துரைத்தது. நிக்சன் அதை ஏற்கவில்லை. 1988இல் போதைப்பொருள் தடுப்பு முகமையின் நிர்வாக நீதிபதியான ஃபிரான்சிஸ் யங், நீண்ட விசாரணைக்குப் பிறகு, கஞ்சாவை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றலாம் என்று எழுதினார். அதை அந்த முகமையே நிராகரித்தது. இடையில், 1970களின் இறுதியிலிருந்து, ஒரு சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பயிரிடப்பட்ட கஞ்சாவை மத்திய அரசே அனுப்பிவந்தது. மருத்துவப் பயன் இல்லை என்று சட்டத்தில் எழுதிவைத்துக்கொண்டு அதே பொருளை மருந்தாக அனுப்பிய அரசு, 1992இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது.

1996 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள், நோயாளிகள் கஞ்சாவைப் பயன்படுத்த அனுமதிக்கும் 215ஆம் முன்மொழிவை நிறைவேற்றியதும் மாநிலச் சட்டமும் மத்திய சட்டமும் நேருக்கு நேர் நின்றன. கிளிண்டன் அரசு, கஞ்சாவைப் பரிந்துரைக்கும் மருத்துவர்களின் மருந்து எழுதும் உரிமத்தைப் பறிப்போம் என்று எச்சரித்தது. அடுத்த தேர்தலுக்கான பிரசாரத்தில், 1999இல், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இது மாநிலங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார். அந்த வாக்கை நம்பியவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை 2002ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகள் சொல்கின்றன. ஆகஸ்டில் வட கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணியின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தார்கள். அவர் முதுகுவலிக்காக ஆறு கஞ்சாச் செடிகள் வளர்த்திருந்தார். மாநிலச் சட்டப்படி அதில் தவறில்லை என்று உள்ளூர் ஷெரிஃபின் ஆட்கள் சொன்னார்கள். மணிக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. முடிவில் மத்திய அதிகாரிகள் ஆறு செடிகளையும் பறித்து அழித்தார்கள். செப்டம்பரில் சாண்டா குரூஸ் அருகே, கடும் நோயுற்றவர்களும் மரணத்தறுவாயில் இருந்தவர்களும் உறுப்பினர்களாக இருந்த ஒரு கூட்டுறவுத் தோட்டத்தில் சோதனை நடந்தது. அதற்குச் சில நாள்களில் அந்த நகரத்தின் மன்றக் கட்டடத்துக்கு முன்னால், மன்ற உறுப்பினர்கள் உடன் நிற்க, நோயாளிகளுக்குக் கஞ்சா பகிரங்கமாக வழங்கப்பட்டது.

அந்த ஆறு செடிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005 ஜூன் மாதம், கோன்சாலஸ் எதிர் ரெய்ச் என்ற தீர்ப்பில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசு தடுக்கலாம் என்று நீதிபதிகள் கூறினார்கள். விற்பனைக்கு வராத, வீட்டில் வளர்ந்த செடியும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைப் பாதிக்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்தத் தீர்ப்பு வந்த பிறகு, மாநிலங்களுக்கு விடுகிறேன் என்று எந்த வேட்பாளர் சொன்னாலும் அவர் தம் கையில் உள்ள ஓர் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருப்பேன் என்று மட்டுமே சொல்கிறார். அந்த அதிகாரம் அங்கேயே இருக்கிறது.

ஒபாமாவின் கதை இதைத்தான் காட்டுகிறது. 2008 பிரசாரத்தில், மாநிலச் சட்டங்களைச் சுற்றிவளைத்துப் போவதற்கு நீதித் துறையின் வளங்களைச் செலவிடமாட்டேன் என்றார். 2009 அக்டோபரில் அதற்கேற்ப ஒரு வழிகாட்டுக் குறிப்பும் வந்தது. மாநிலச் சட்டத்துக்குத் தெளிவாகக் கட்டுப்பட்டு நடக்கும் நோயாளிகள் மீது வழக்குத் தொடர்வதில் அரசு வழக்கறிஞர்கள் கவனத்தைச் செலவிட வேண்டாம் என்றது அது. இரண்டே ஆண்டுகளில் குரல் மாறியது. 2011இல் இன்னொரு குறிப்பு வந்து பெரிய அளவில் வளர்ப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை என்றது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் நான்கு மத்திய அரசு வழக்கறிஞர்களும் சேர்ந்து நடவடிக்கை அறிவித்தார்கள். விற்பனை நிலையங்களுக்கு இடம் கொடுத்த கட்டட உரிமையாளர்களுக்குச் சொத்தே பறிமுதலாகலாம் என்ற கடிதங்கள் போயின. அதிபர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் தந்த வாக்குறுதி ஒரு குறிப்பாணையில் மட்டுமே உயிர் வைத்திருந்தது என்பதுதான் என் வருத்தம்.

டிரம்ப் 2016இல் மருத்துவக் கஞ்சாவை முழுமையாக ஆதரிப்பதாகச் சொன்னார். நீதித் துறையின் தலைமைப் பொறுப்பான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அவர் நியமித்த ஜெஃப் செஷன்ஸோ, மருத்துவக் கஞ்சாத் திட்டங்களுக்குச் செலவு மசோதாவில் இருந்த பாதுகாப்பை நீக்குமாறு 2017இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். 2018 ஜனவரியில் மாநிலங்கள் அனுமதித்த கஞ்சா விஷயத்தில் பெரும்பாலும் தலையிட வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர்களுக்குச் சொன்ன, முந்தைய அரசின் 2013ஆம் ஆண்டுக் குறிப்பையும் ரத்து செய்தார். வேட்பாளரின் நிலைப்பாட்டைக் கேட்பவர்கள், அவர் யாரை அட்டர்னி ஜெனரலாக அமர்த்துவார் என்பதையும் கேட்டே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு சட்ட விவரம் எதற்கு என்று தோன்றலாம். என் நண்பர் ஒருவர் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடன் விற்பனை நிலையத்துக்குச் சென்றிருக்கிறேன். மருத்துவர் கொடுத்த தாளில், இவருக்குத் தகுதியான நோய் இருக்கிறது என்ற சான்று மட்டும் இருந்தது. எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று மருந்துச் சீட்டில் இருக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. முதல் அட்டவணைப் பொருளுக்கு அமெரிக்காவில் எந்த மருத்துவரும் சீட்டு எழுத முடியாது. அளவைப் பற்றி ஆலோசனை சொன்னவர் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்ற இளைஞர். அன்பாகப் பேசினார், பொறுமையாகவும் விளக்கினார்; ஆனால் நண்பர் அப்போது எடுத்துக்கொண்டிருந்த மற்ற மருந்துகளின் பட்டியலை அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி அவருக்கு இல்லை. கடன் அட்டை செல்லாது என்பதால் ரொக்கமாகக் கொடுத்தோம். காப்பீட்டிலிருந்து ஒரு காசு வராது. பக்கத்து மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது அதை எடுத்துச் சென்றால், இரண்டு மாநிலங்களும் அனுமதித்திருந்தாலும், எல்லையைக் கடப்பது மத்திய சட்டப்படி குற்றம். மத்திய அரசின் உதவி பெறும் குடியிருப்பில் வசிப்பவராக இருந்திருந்தால் வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. இவற்றில் எதையும் மாநிலங்களுக்கு விடுகிறேன் என்ற பதில் தொடுவதில்லை.

இன்னொரு வகைப் பதிலும் உண்டு. 2013 வாக்கில், கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட குழந்தைகளின் கதைகள் தொலைக்காட்சியில் வந்த பிறகு, கஞ்சாவை எதிர்த்துவந்த பல அரசியல்வாதிகள், போதை தரும் டி.எச்.சி. குறைந்த எண்ணெயை மட்டும் ஆதரிப்பதாக அறிவித்தார்கள். கேட்பதற்கு நியாயமான நடுவழிதான். ஜார்ஜியா மாநிலம் 2015இல் அப்படி ஒரு சட்டத்தை இயற்றியது. பதிவு செய்த நோயாளிகள் 20 அவுன்ஸ் வரை அந்த எண்ணெயை வைத்திருக்கலாம். ஆனால் மாநிலத்துக்குள் அதைத் தயாரிக்கவும் விற்கவும் வழி வைக்கவில்லை. வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவருவதோ மத்திய குற்றம். அட்டை கையில் இருக்கும், மருந்து எங்கும் இருக்காது. உற்பத்திக்கு அனுமதி தரும் சட்டம் 2019இல்தான் வந்தது. முதல் விற்பனை நிலையங்கள் 2023 ஏப்ரலில்தான் திறந்தன. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்திய ஒவ்வொருவரும் பிரசாரத்தில் மருத்துவக் கஞ்சாவை ஆதரித்தவர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. நோயுற்ற குழந்தையின் பெற்றோரைச் சட்டத்தை மீறிப் பெட்டியில் எண்ணெய் கடத்தவைக்கும் ஒன்றை ஆதரவு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்மைக் காலத்தில் விவாதம் அட்டவணை எண்ணை நோக்கி நகர்ந்திருப்பது நல்ல மாற்றம், ஏனென்றால் எண்ணைச் சொன்னால் நழுவ முடியாது. 2016 தேர்தலுக்கு முன் ஹிலரி கிளிண்டன் இரண்டாம் அட்டவணை என்றார். பெர்னி சாண்டர்ஸ் அட்டவணையிலிருந்தே முழுவதும் நீக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். 2020இல் பைடன் இரண்டாம் அட்டவணையைப் பேசினார். அதிபரான பிறகு 2022 அக்டோபரில் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார். சுகாதாரத் துறை 2023இல் மூன்றாம் அட்டவணையைப் பரிந்துரைக்க, 2024 மே மாதம் நீதித் துறை அதற்கான விதியை முன்மொழிந்தது. அந்த ஆண்டுப் பிரசாரத்தில் டிரம்ப் மூன்றாம் அட்டவணையை ஆதரித்தார். கமலா ஹாரிஸ் வயது வந்தோர் பயன்பாட்டையே சட்டபூர்வமாக்குவேன் என்றார். 2025 டிசம்பரில் மறுவகைப்படுத்தலை விரைவுபடுத்தும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார்.

மூன்றாம் அட்டவணை ஆராய்ச்சியாளர்களின் சுமையைக் குறைக்கும். தொழில் செலவுகளை வருமான வரியில் கழிக்கவிடாத 280இ என்ற பிரிவு முதலிரண்டு அட்டவணைகளுக்கு மட்டுமே பொருந்துவதால், விற்பனை நிலையங்களுக்கும் பெரிய நிம்மதி கிடைக்கும். நோயாளிக்கு? கடையில் விற்கும் எண்ணெயும் பூவும் உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற மருந்துகள் அல்ல. ஆகவே மறுவகைப்படுத்தியதாலேயே அவற்றுக்கு மருத்துவர் சீட்டு எழுத முடியாது, மருந்தகத்தில் கிடைக்காது, காப்பீடும் வராது. ஒப்புதல் பெற்ற வழி எப்படி இருக்கும் என்பதற்கு எபிடியோலெக்ஸ் உதாரணம்: அரிய வலிப்பு நோய்கள் இரண்டுக்காக 2018இல் அனுமதிக்கப்பட்ட அந்தக் கஞ்சாச் சாற்று மருந்துக்கு அளவும் உண்டு, பக்கவிளைவுப் பட்டியலும் உண்டு. பிற நோய்களுக்கும் அத்தகைய சோதனைகள் நடக்கப் பொதுப் பணம் ஒதுக்குவீர்களா என்று கேட்டு நேரடியான பதில் தந்த வேட்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆதரவாளர்களிலும் சிலர் எல்லை மீறுவதுண்டு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்கு வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. மனச்சிதைவு நோய்க்கான அபாயம் கூடுவதையும் அதே அறிக்கை சொன்னது. எல்லா நோய்க்கும் மருந்து என்று மேடையில் பேசும் வேட்பாளரால் நோயாளிகளுக்குத் தீங்குதான் வரும்.

அதிபர் வேட்பாளர்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம்; உண்மையில் இன்று நோயாளிகளைக் காத்து நிற்பது காங்கிரஸின் செலவு மசோதாவில் உள்ள ஒரு பத்தி. கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் டேனா ரோராபாக்கரும் ஜனநாயகக் கட்சியின் சாம் ஃபாரும் சேர்ந்து கொண்டுவந்து, 2014 டிசம்பரில் நிறைவேறிய அத்திருத்தம், மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாச் சட்டங்கள் செயல்படுவதைத் தடுக்க நீதித் துறை பணம் செலவிடக் கூடாது என்கிறது. அது நிரந்தரமான சட்டம் அல்ல. செலவு மசோதாவோடு சேர்த்து மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் மருத்துவர்கள் கஞ்சாச் சான்றுப் படிவத்தை நிரப்ப அனுமதிக்கும் திருத்தமும் 2016இல் இரு அவைகளிலும் நிறைவேறி, பிறகு இறுதி வரைவில் காணாமல் போனது. இன்றும் அந்த மருத்துவர்கள் கஞ்சாவைப் பற்றி நோயாளியிடம் பேசலாம், படிவத்தில் கையெழுத்திட முடியாது. ஆகவே உங்கள் தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடுபவர் கூட்டம் நடத்தினால், அந்தப் பத்திக்கு வாக்களிப்பாரா, அதை நிரந்தரச் சட்டமாக்கும் மசோதாவில் கையெழுத்திடுவாரா, படைவீரர் மருத்துவமனையின் படிவத்தை மீண்டும் எடுத்துவருவாரா என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.