கறுத்துப்போன ட்ரம்பெட்டை விட்டுவிடாதீர்கள்

பழைய ட்ரம்பெட் விற்கிறவர்கள் கறுப்பைக் கண்டால் பயப்படுகிறார்கள். வெள்ளிப்பூச்சு போட்ட ட்ரம்பெட் பல வருஷம் பெட்டிக்குள் கிடந்தால் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அடிமாட்டு விலைக்குப் போட்டுவிடுவார்கள். வெள்ளிப் பாலிஷும் பழைய பனியன் துணியும் இருந்தால் ஒரே மத்தியானத்தில் போகிற கறுப்பு அது. என் கைக்கு வந்த நல்ல ட்ரம்பெட்டுகளில் பல இப்படி யாரும் சீண்டாமல் கிடந்தவைதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வடக்கு இண்டியானாவில். பக்கத்தில்தான் எல்கார்ட் நகரம். 1870களில் சார்லஸ் ஜெரார்ட் கான் அங்கே தொழில் தொடங்கினார். பிறகு மார்ட்டின், பூஷர் என்று பல கம்பெனிகள் வந்து, பேண்டு வாத்தியம் என்றால் எல்கார்ட் என்று ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் பேண்டு பெருகியபோது செய்து குவித்த ட்ரம்பெட்டுகள் இன்னும் இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. அன்றைக்கு வாசித்த பிள்ளைகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள், அல்லது அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் எஸ்டேட் சேல், அதாவது வீட்டுச் சாமான் விற்பனை, போடுகிறார்கள். பரணில் இருந்த பெட்டி கீழே இறங்குகிறது.

தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு சில பெயர்களையே தேடுகிறார்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்த மார்ட்டின் கமிட்டி, வின்சென்ட் பாக் கம்பெனி நியூயார்க் மாநிலத்து மவுன்ட் வெர்னனில் இருந்த காலத்து ஸ்ட்ராடிவாரியஸ் ட்ரம்பெட். அவற்றின் விலை விற்கிறவருக்கே நன்றாகத் தெரியும், அங்கே போட்டி போடுவதில் பலனில்லை. நான் பார்ப்பது அதே மாதிரிக் கம்பெனிகள் மாணவர்களுக்கென்று செய்தவற்றை. ‘ஸ்டூடண்ட் ட்ரம்பெட்’ என்று பெயர் விழுந்துவிட்டதால் விலை ஏறவே இல்லை. ஆனால் அந்தக் காலத்து மாணவர் ட்ரம்பெட் வேறு சங்கதி.

ஓல்ட்ஸ் அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் லாஸ் ஏஞ்சலஸ், பிறகு ஃபுல்லர்டனில் செய்தது. 1979இல் கம்பெனியே மூடிவிட்டது. குழல் விட்டம் 0.460 அங்குலம், தொழில்முறைக்காரர்கள் வாசிக்கிற பாக் ஸ்ட்ராடிவாரியஸ் 37க்கும் இதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். பையன்கள் கீழே போடுவார்கள், பஸ்ஸில் இடிப்பார்கள் என்று தெரிந்தே கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். விரலால் அழுத்துகிற வால்வு அறுபது வருஷம் கழித்தும் இறுக்கமாக நிற்கிறது. புது ஸ்ட்ராடிவாரியஸ் 3,000 டாலருக்கு மேல் போகிற நாட்டில், நல்ல அம்பாசிடரை நான் 200, 250 டாலருக்கு வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று கான் டைரக்டர். இதிலும் பெல், அதாவது விரிந்த வாய்ப்பகுதி, செம்பில் உள்ளதைத் தேடுங்கள். அந்த பெல்லைத் தகட்டை வளைத்து ஒட்டிச் செய்யவில்லை. மின்முலாம் பூசுகிற முறையில் அச்சின்மேல் சுத்தமான செம்பைப் படியவிட்டு எடுத்தார்கள், அதனால் ஒட்டே கிடையாது. ‘காப்ரியான்’ என்று அதற்குப் பெயர். சத்தம் இருட்டாக, கனமாக வரும். அப்புறம் ‘இண்டியானா’ என்று பொறித்த ட்ரம்பெட். அது மார்ட்டின் கம்பெனியின் மலிவு வரிசை என்று தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ட்ரம்பெட்டுக்குக் குட்டையான உறவு மாதிரி இருக்கிற கார்னெட்டுகளுக்கோ கேட்க ஆளே இல்லை. ‘கரோனெட்’ என்று தப்பாக எழுதி விற்பனைக்குப் போடுகிறவர்களும் உண்டு. அந்த எழுத்துப் பிழையை வைத்தே தேடிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதில் முதல் விஷயம் வால்வு, இரண்டாவது லீட்பைப். மற்றதெல்லாம் அப்புறம்.

வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டுகிற வளைகுழாயை, மெல்ல வெளியே இழுங்கள். இழுத்த நிலையிலேயே வைத்துக்கொண்டு நாலைந்து விநாடி கழித்து வால்வை அழுத்தினால் ‘பொப்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் வால்வுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே காற்று கசியவில்லை. சத்தமே வராவிட்டால் அங்கே தேய்மானம் இருக்கிறது. மறுபடி முலாம் பூசி அளவுக்குக் கொண்டுவர ட்ரம்பெட் விலையைவிட அதிகம் ஆகும். வால்வு நகரவே இல்லை என்றால் கவலை வேண்டாம், பெரும்பாலும் பழைய எண்ணெய் பசையாகக் காய்ந்திருக்கும். கோஷன் பக்கத்தில் ஒரு எஸ்டேட் சேலில் டைரக்டர் ஒன்று 60 டாலருக்குக் கிடந்தது, மூன்று வால்வும் அசையாது, அதனால்தான் அந்த விலை. வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பைக் கலந்து ஊறவைத்தேன். கொதிக்கிற தண்ணீர் கூடாது, பித்தளைமேல் பூசுகிற லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு உரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் முதல் வால்வு இளகியது, மறுநாள் மற்ற இரண்டும். உள்ளே பிஸ்டன் பளபளவென்று இருந்தது. ஸ்லைடு இறுகியிருந்தால் குறடு போட்டு இழுக்கவே இழுக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள், இல்லாவிட்டால் ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள்.

லீட்பைப் என்பது மவுத்பீஸ் செருகுகிற நீளக் குழாய். எச்சிலும் ஈரமும் முதலில் தங்குவது அங்கேதான். பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து போய் செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே சிவப்புப் புள்ளி, நடுவில் கறுத்த பொட்டு தெரிந்தால் உள்ளிருந்து அரித்து வந்திருக்கிறது. டியூனிங் ஸ்லைடைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயை மாற்றலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பெல்லில் உள்ள நெளிசலை எடுத்துவிடலாம். வால்வு உறையில் நெளிசல் என்றால் தொடாதீர்கள். லாக்கர் போய்ப் பித்தளை தெரிந்தால் நல்லதுதான். தங்கமாக மின்னுகிற பழைய ட்ரம்பெட்டில் பொறித்த எழுத்து மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெருகு போடும்போது தகட்டையும் சேர்த்துத் தேய்த்திருப்பார்கள். நூறு வருஷத்துக்கு முந்தையது என்றால் ‘ஹெச்.பி.’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது பழைய உயர்ந்த சுருதிக்குச் செய்தது, இன்றைய பேண்டோடு சேராது.

அப்பா தூத்துக்குடியில் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர், கல்யாணத்துக்கும் சப்பரத்துக்கும் போவார். போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு அம்பாசிடரைக் கையோடு கொண்டுபோனேன். வாசித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏளா, இது படிக்கிற பிள்ளைகளுக்குச் செஞ்சதுன்னா சொல்லுத? எங்க செட்டுல ஒருத்தன்கிட்டயும் இப்படி ஒண்ணு கெடையாதே” என்றார்.

இப்போது செட்டில் இன்னும் இரண்டு பேருக்கு வேண்டுமாம். ஓஹாயோவில் ஒருவர் போட்டிருக்கிற ‘இண்டியானா’ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். படத்தில் நடு வால்வு அழுந்தியபடியே நிற்கிறது, வெள்ளி முழுக்கக் கறுத்திருக்கிறது. லீட்பைப் படமும் நடு வால்வு உறையில் உள்ள சீரியல் எண்ணும் கேட்டு எழுதியிருக்கிறேன். அனுப்புவதாக இருந்தால் மவுத்பீஸைப் பெட்டிக்குள் சும்மா போடாமல் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வழியில் அது உருண்டு இடித்தே பெல் நசுங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.