வாசலில் நிற்கிற பிள்ளைக்காக ஒரு செயலி

கம்பஸில் ஒரு செயலமர்வோ கருத்தரங்கோ வைப்பதென்றால் பதிவுக்கு ஒரு கூகுள் ஃபோம், அறிவிப்புக்கு ஒரு வட்ஸ்அப் குரூப், வரவுக்கு நாலைந்து ஏ4 தாள், இவ்வளவுதான் எங்கள் பக்கத்து வழமை. இதையெல்லாம் சேர்த்து ஒரு மொபைல் செயலியாகச் செய்யலாமா அக்கா என்று ஜூனியர் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். கையோடு, திரைகளை வடிவமைக்கிற ஃபிக்மாவில் வரைந்தும் கொண்டு வந்திருந்தார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது: லொகின் பக்கம், நிகழ்வுப் பட்டியல், லைக், டார்க் மோட், இன்னும் என்னென்னவோ. ஆனால் நிகழ்வு நாளன்று காலை எட்டரைக்கு மண்டப வாசலில் மேசை போட்டு நிற்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு திரைகூட அதில் இல்லை.

என்னைக் கேட்டால் இந்த மாதிரிச் செயலியை உண்மையில் பாவிக்கப்போவது அந்தப் பிள்ளைதான். மாணவர் பதிவதற்கு ஒருதடவை திறப்பார், உள்ளே போகும்போது கியூஆரைக் காட்ட இன்னொரு தடவை திறப்பார், அதோடு சரி. வாசலில் நிற்பவரோ ஒரு மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும், ஒரு கையில் போன், மற்றக் கையில் பெயர் அட்டைக் கட்டு, முன்னால் வரிசை, பின்னால் "பிரதம விருந்தினர் வந்திட்டார், கெதியா விடுங்கோ" என்று ஒரு சேர். ஸ்கேன் பண்ண ஒருவருக்கு 3 விநாடி என்றால் 300 பேரை உள்ளே விட 15 நிமிடம் போதும். தாளில் பெயரைத் தேடிப் பேனை கொடுத்துக் கையெழுத்து வாங்க ஒருவருக்கு 15 விநாடி பிடித்தால் அதே 300 பேருக்கு ஒன்றேகால் மணித்தியாலம். செயலி செய்கிறோம் என்றால் இந்த வித்தியாசத்துக்காகத்தான் செய்கிறோம், லைக்குக்காக இல்லை.

ஆகவே அந்தத் திரையில் மெனு வேண்டாம். திறந்தவுடன் கமரா. கியூஆர் பிடிபட்டதும் முழுத் திரையும் பச்சை, பெயர் பெரிய எழுத்தில், ஒரு சின்ன அதிர்வு, பிறகு தானாகவே அடுத்த ஆளுக்குத் தயார். "ஓகே" அழுத்தச் சொல்லக் கூடாது. பிழை என்றால் சிவப்பு, கூடவே வேறொரு சத்தம், ஏனென்றால் பச்சையும் சிவப்பும் எல்லாருடைய கண்ணுக்கும் ஒரேமாதிரித் தெரியாது. எங்கள் ஊர்ப் பத்துமணி வெயிலில் வெளியே மேசை போட்டிருந்தால் திரையே மங்கித்தான் தெரியும், அதனால் எழுத்துகள் கடும் கறுப்பு வெள்ளையில், வெளிச்சம் முழு அளவில். மாணவர் பக்கத்துக் கியூஆரில் ஒரு குறுகிய சங்கேத இலக்கம் மட்டும் இருந்தால் போதும், பெயர் விலாசமெல்லாம் திணித்தால் கட்டங்கள் நுணுகிப்போய் மலிவான கமராக்கள் திணறும். வெடித்த கண்ணாடியோடு திரிகிற போன்கள்தான் எங்கள் பிள்ளைகளிடம் அதிகம். கியூஆருக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறது, மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சேதமானாலும் வாசிக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

கீழே ஒரு பெரிய பொத்தான்: "பதியாமல் வந்தவர்". இதை ஒளித்து வைக்கக் கூடாது. எங்களிடம் ஃபோமில் பதிகிற கூட்டம் ஒன்று, வந்து நிற்கிற கூட்டம் வேறொன்று. பிள்ளைகள் முதலில் போட்டிருந்த தரவுத்தளத்தில் பதிவு அட்டவணைக்குள்ளேயே "வந்தாரா" என்று ஒரு நெடுவரிசை இருந்தது, அப்படி வைத்தால் பதியாமல் வந்தவருக்குப் பொய்யாக ஒரு பதிவு போட்டால்தான் வரவைக் குறிக்க முடியும், நாளைக்கு எத்தனை பேர் முன்கூட்டியே பதிந்தார்கள் என்று கேட்டால் கணக்கு நாறிவிடும். பதிவு வேறு, வரவு வேறு. இரண்டு அட்டவணை.

கவரேஜ் கதைக்கு வருவோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற ஏ9 வீதியோரம் பரவாயில்லை. கொஞ்சம் உள்ளே போனால், அதிலும் தகரக் கூரை மண்டபத்துக்குள், கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். இருக்கிற கொஞ்சத்தையும் முந்நூறு போன்கள் பங்குபோடும். கரண்ட் போனால் வைஃபையும் போகும். ஆதலால் ஸ்கேன் செய்கிற போனில் முதல் நாளிரவே முழுப் பட்டியலும் இறங்கியிருக்க வேண்டும். 300 பெயரும் இலக்கமும் ஒரு வட்ஸ்அப் படத்தின் அளவுகூட வராது. கூகுளின் இணையத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர் பாவித்தால் ஆண்ட்ராய்டில் இணைப்பில்லாத நேரச் சேமிப்பு தானாகவே வேலை செய்யும், இலவசக் கணக்கிலேயே ஒரு நாளைக்கு 20,000 தடவை எழுதலாம், எங்கள் அளவுக்கு அது தாராளம். இல்லை, நாங்களே போனுக்குள் இருக்கிற எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதிப் பிறகு அனுப்புகிறோம் என்றாலும் சரி.

இரண்டு வாசலில் இரண்டு போன், இரண்டும் இணைப்பில்லாமல் இருக்கும்போது ஒரே ஆள் இரண்டிலும் ஸ்கேன் பண்ணினால் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி, ஆனால் வரவில் அது பிரச்சினையே இல்லை. வந்தவர் வந்தவர்தான், இரண்டு வரவையும் சேர்த்து முந்திய நேரத்தை வைத்துக்கொண்டால் முடிந்தது. போனின் நேரத்தையும் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தையும் தனித்தனியே எழுதிவையுங்கள், கடிகாரம் பிழையாக ஓடுகிற போன் ஒன்றாவது எப்போதும் இருக்கும். பிரச்சினை சாப்பாட்டில்தான் வரும். ஒரே கியூஆரைக் காட்டி இரண்டு இடத்தில் பார்சல் வாங்கலாம். சாப்பாட்டுக்கு ஒரே வரிசை, ஒரே போன். இதை நிரலால் தீர்க்கப் பார்க்காமல் மேசையால் தீர்ப்பது இலேசு.

உண்மையில் ஏற்பாட்டுக் குழு பதிவு கேட்பதே சாப்பாட்டுக்காகத்தான். மரக்கறி எத்தனை, மச்சம் எத்தனை என்று முதல் நாள் பின்னேரத்துக்குள் கடைக்குச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை ஃபோம் நிரப்பும்போது மச்சம் என்று போட்டவர், நிகழ்வு வெள்ளிக்கிழமை என்று பிறகுதான் யோசிப்பார். அதனால் தெரிவை மாற்ற விடவேண்டும், ஒரு நேரத்துக்குப் பிறகு பூட்டவும் வேண்டும். ஹலால் என்பதையும் ஒரு தெரிவாக வையுங்கள், வவுனியாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிற முஸ்லிம் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஆளைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இப்போது கள்ள வரவு. இணையத்தில் கிடைக்கிற மாதிரிகளில் முக்கால்வாசி ஒரே யோசனையைச் சொல்லும்: மேடையில் புரொஜெக்டரில் ஒரு கியூஆரைக் காட்டு, மாணவர்கள் தங்கள் போனால் ஸ்கேன் பண்ணட்டும். எங்கள் பிள்ளைகளைத் தெரிந்தவர் இதைச் செய்யமாட்டார். அந்தக் கியூஆரின் படம் அரை நிமிடத்தில் ஹொஸ்டல் குரூப்புக்குப் போகும், கட்டிலில் படுத்திருக்கிறவருக்கும் வரவு விழும். அப்படியென்றால் இடத்தைப் பார்ப்போம், ஜிபிஎஸ் வைப்போம் என்பார்கள். திறந்த வானத்தின் கீழ் போன் ஜிபிஎஸ் ஐந்து மீற்றர் அளவில் சொல்லும், கூரைக்கு உள்ளே அந்த நம்பிக்கையை வைக்க முடியாது, ஹொஸ்டலோ மண்டபத்துக்குப் பக்கத்துக் கட்டடம். போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டின் டெவலப்பர் தெரிவுகளுக்குள் போய்ப் போலி இடத்தைக் காட்டுவது முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரியும்.

திசையை மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். குழுவின் போன் மாணவரின் கியூஆரை ஸ்கேன் பண்ணட்டும். அப்போது யாரோ ஒருவர் நேரில் வந்து நிற்க வேண்டும். ஸ்கிரீன்சொட்டை நண்பனிடம் கொடுத்தனுப்பலாமே என்றால், அனுப்பலாம். ஆனால் ஒருவன் வரிசையில் இரண்டாவது தடவை வந்து நின்றால் வாசலில் இருப்பவருக்குத் தெரியும். வாசலில் நிற்பதும் அதே பட்ச் என்றால் தெரிந்தும் கண்ணை மூடிவிடுவான் என்பதும் உண்மைதான், அதற்குச் செயலியில் மருந்து கிடையாது, வேறு பட்ச் பிள்ளையை நிற்பாட்டுங்கள்.

பரீட்சைக்கு இருக்க 80 சதவீத வரவு வேண்டும் என்கிற மாதிரி ஏதாவது அந்த வரவில் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிற கியூஆருக்குப் போகலாம். 30 விநாடிக்கு ஒருமுறை புது இலக்கம் தருகிற முறை 2011 இலேயே பொதுத் தரநிலையாக எழுதி வைக்கப்பட்டது, லொகினுக்கு இலக்கம் காட்டுகிற கூகுள் ஓதென்டிகேற்றரில் பார்ப்பது அதுதான். ஒரு இரகசியச் சாவியும் கடிகாரமும் இருந்தால் போதும், இணையம் தேவையில்லை. இரண்டு போனின் நேரமும் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால் முந்திய இலக்கத்தையும் அடுத்ததையும் ஏற்றுக்கொள்ள விடவேண்டும். ஒருநாள் செயலமர்வுக்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

சான்றிதழுக்காகக் காலையில் முகத்தைக் காட்டிவிட்டு மாறுகிற கூட்டத்துக்கு, போகும்போதும் ஒரு ஸ்கேன் வைக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வைக்கலாம். ஆனால் பரந்தனால் திரும்பி ஏ35 இல் முல்லைத்தீவுப் பக்கம் போகிற பிள்ளை கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழும்புவதும், ஹொஸ்டலில் இருப்பவன் ரீ குடிக்கப் போய்த் திரும்பாததும் ஒன்றல்ல. நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்காதது குழுவின் பிழை, அதற்குத் தண்டனை பஸ்ஸில் போகிறவளுக்கா? போகிற நேரத்தைக் குறித்து வையுங்கள், சான்றிதழைத் தானாக மறுக்கிற விதியை மட்டும் எழுதாதீர்கள். ஆளைப் பார்த்து ஆள் முடிவெடுக்கட்டும்.

அடுத்தது, அடையாள அட்டை இலக்கம். ஏனென்று தெரியாமலே எல்லா ஃபோமிலும் அது இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைக் கொடுத்தாலே பிறந்தநாளும் ஆணா பெண்ணா என்பதும் வெளியே போய்விட்டது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், அதற்கு முன்பே எங்கள் வீடுகளில், முகாமில், நிவாரணத்துக்கு, சோதனைச் சாவடியில் என்று பதிந்து பதிந்து களைத்த சனம் இருக்கிறது. ஒரு ரோபோ செயலமர்வுக்கு அட்டை இலக்கம் கேட்கிறார்கள் என்றால் அம்மா முதலில் கேட்பது, "அது ஏன் பிள்ளை அவைக்கு?" பதில் இல்லையென்றால் கேட்கக் கூடாது. மாணவருக்குப் பதிவு எண் போதும், பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற உயர்தரப் பிள்ளைகளுக்குப் பெயரும் பாடசாலையும் போதும். நிகழ்வு முடிந்து சான்றிதழும் கொடுத்த பிறகு தொலைபேசி இலக்கங்களை அழிக்கிற பொத்தான் ஒன்றும் வேண்டும்.

பிளே ஸ்டோரில் போடுவது பற்றி ஒரு வசனம்: 25 டொலர் ஒருமுறைக் கட்டணம், அதற்கு மேல் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர் 12 பேரை வைத்து 14 நாள் பரிசோதித்துக் காட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தரம் திறக்கப்போகிற ஒன்றுக்காக மாணவரின் டேட்டாவையும் போனின் இடத்தையும் தின்ன வேண்டாம், அவருக்கு ஒரு இணையப் பக்கம் போதும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். கியூஆரை முன்கூட்டியே படமாகச் சேமித்து வைத்தால் கவரேஜும் தேவையில்லை. செயலி வாசல் போன்களுக்கு மட்டும், ஃபிளட்டர் என்கிற செயலி எழுதும் கருவியில் எழுதி நேரே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, அலுவலகம். அங்கே தாள்தான் கேட்பார்கள், நீங்கள் எந்த டாஷ்போர்ட்டைக் காட்டினாலும் சரி. அவர்கள் தருகிற பெயர்ப் பட்டியல் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும், போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளை அள்ளிக் கொட்டியதுபோல் தெரியும், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். திரும்பக் கொடுக்கும்போது இன்னொரு வில்லங்கம்: பிடிஎஃப் உருவாக்குகிற நிரல் தொகுப்புகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கட்டத் தெரியாது, "செல்வி" என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு ச வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் பட்டியலை ஒரு இணையப் பக்கமாகவே ஆக்கி குரோமில் திறந்து அச்சிட்டால் சரியாக வரும், எழுத்துச் சேர்க்கையை உலாவி பார்த்துக்கொள்ளும். தொடரிலக்கம், பதிவு எண், பெயர், வந்த நேரம், போன நேரம், அடியில் பொறுப்பாளரின் கையெழுத்துக்கும் திகதிக்கும் ஒரு கோடு, முத்திரை குத்த இடம். இந்தப் பக்கத்தை முதலிலேயே எழுதி அலுவலகத்தில் காட்டிச் சரியா என்று கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிகழ்வு நாளன்று ஸ்கேன் ஒருபக்கம் நடக்க, "எதுக்கும் இதிலயும் ஒரு சைன் வைச்சிட்டுப் போங்கோ" என்று மற்றப் பக்கம் பழைய ஏ4 தாளும் ஓடும்.