கோடு யாருக்குச் சொந்தம்

பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் வேலை. பூவின் நீள்வெட்டுத் தோற்றம், கண்ணின் அமைப்பு, கப்பி, மின்சுற்று என்று எதுவும் வரும். எல்லாமே வெக்டர் படங்கள், அதாவது தனித்தனியே பிடித்து நகர்த்தக்கூடிய கோடுகளாலும் வடிவங்களாலும் ஆனவை. இந்த வேலையில் அதிகம் அழுத்துவது எதை என்று கேட்டால் கன்ட்ரோல் ஜி என்பேன், அதாவது குரூப், பல பொருள்களை ஒன்றாகக் கட்டி வைப்பது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். எதை எதோடு சேர்ப்பது என்று பிடிபட எனக்குச் சில வருடங்கள் ஆகின.

சேர்ந்த புதிதில் ஒரு பூப் படம் கைக்கு வந்தது. எனக்கு முன் வேறொருவர் கோரல்டிரா என்ற மென்பொருளில் வரைந்தது. 11 உறுப்புகளின் பெயர்கள் வலது பக்கம் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அடியில் ஒரு மெல்லிய கோடு ஓடி, பூவுக்குள் போய் அந்த உறுப்பைத் தொட்டு நின்றது. படத்தை 6 மில்லிமீட்டர் மேலே ஏற்ற வேண்டும், ஒரு இதழின் நிறத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதழை கிளிக் செய்தால் மொத்தப் படமும் செலக்ட் ஆனது. அன்குரூப் கொடுத்தேன். அப்போதும் பெரிய துண்டாகவே வந்தது, ஏனென்றால் குரூப்புக்குள் குரூப், அதற்குள் இன்னொரு குரூப். பொறுமை இல்லாமல் ‘அன்குரூப் ஆல்’ கொடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே நொடியில் தனித்தனி. இதழின் நிறத்தை மாற்றினேன். அப்புறம் மவுஸால் ஒரு பெட்டி இழுத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் பிடித்து மேலே ஏற்றினேன்.

கோரல்டிராவில் அப்படிப் பெட்டி இழுத்தால், முழுதாக உள்ளே அகப்பட்டவை மட்டும்தான் செலக்ட் ஆகும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு மென்பொருளில் பெட்டி லேசாகத் தொட்டாலே போதும். இந்த வித்தியாசம் அன்று என் கவனத்தில் இல்லை. ‘சூற்பை’ என்ற சொல்லின் கடைசி எழுத்து பெட்டிக்கு வெளியே ஒரு நூல் அளவு நீண்டிருந்தது. அதன் அடியில் ஓடிய கோடும் அப்படியே. பூவும் மற்றப் பத்துப் பெயர்களும் மேலே போயின. சூற்பையின் பெயரும் கோடும் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. கோட்டின் நுனி இப்போது சூற்பைக்குக் கீழே இருக்கும் பூத்தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பார்வைக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பெயர்களுக்கு இடையே இருந்த இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவே. மெய்ப்புப் பார்த்தவர் கண்டுபிடித்தார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால், பூத்தளத்தைச் சூற்பை என்று ஒரு வகுப்பே படித்திருக்கும். அந்த நினைப்பு எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா ஒருவர் என் நாற்காலியை இழுத்து நகர்த்திவிட்டு மவுஸைக் கையில் எடுத்தார். “குரூப்பைக் கலைக்காதே தம்பி, உள்ளே போ” என்றார். பழைய ஃபைலைத் திறந்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அதே இதழை கிளிக் செய்தார். அந்த இதழ் மட்டும் செலக்ட் ஆனது. சுற்றி இருக்கும் கைப்பிடிகள் வழக்கம்போல் சதுரமாக இல்லாமல் வட்டமாக மாறியிருந்தன. ‘இது ஒரு குரூப்புக்குள் இருக்கும் பொருள்’ என்பதற்கு அதுதான் அடையாளம். நிறம் மாறியது. குரூப் அப்படியே இருந்தது.

ஒவ்வொரு மென்பொருளிலும் உள்ளே போக ஒரு வழி உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் இரட்டை கிளிக் செய்தால் மற்றதெல்லாம் மங்கி, அந்த குரூப் மட்டும் தெளிவாக நிற்கும். எஸ்கேப் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். இங்க்ஸ்கேப்பிலும் இரட்டை கிளிக்தான், அல்லது கன்ட்ரோல் கிளிக். லிப்ரே ஆபீஸ் டிராவில் எஃப் 3. எனக்கு மிகவும் பிடித்தது இல்லஸ்ட்ரேட்டரில் கூட்டல் குறியோடு இருக்கும் வெள்ளை அம்புக் கருவி. முதல் கிளிக்கில் ஒரு மகரந்தப்பை செலக்ட் ஆகும். அதே இடத்தில் இன்னொரு கிளிக், மகரந்தத்தாள் முழுவதும். இன்னொன்று, எல்லா மகரந்தத்தாள்களும். இன்னொன்று, பூ. வரைந்தவர் அந்தப் பூவை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது ஒவ்வொரு கிளிக்கிலும் விரிந்துகொண்டே வரும். நன்றாக குரூப் செய்த ஃபைலில் இப்படி ஏறிப் பார்ப்பது எனக்கு ஒரு பாடம் படிப்பது போல. நான் ‘அன்குரூப் ஆல்’ கொடுத்துக் கலைத்தது இதைத்தான்.

குரூப் என்றால் உள்ளபடி என்ன என்று பார்க்க, ஒருமுறை எஸ்விஜி ஃபைல் ஒன்றை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். எஸ்விஜி 2001-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த வெக்டர் பட வடிவம், முழுக்க வாசிக்கக்கூடிய எழுத்து. அதில் குரூப்புக்கு ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துதான் குறி. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இடையில் இருப்பவை எல்லாம் ஒரு குடும்பம். படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்க உதவும் லேயர் இங்க்ஸ்கேப்பில் எப்படி இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், அதுவும் அதே ‘ஜி’தான். ‘இது லேயர்’ என்று கூடுதலாக ஒரு குறிப்பு மட்டும் ஒட்டியிருந்தது. லேயர் வேறு, குரூப் வேறு என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

ஒற்றை எழுத்து என்றாலும் அது படத்தின் தோற்றத்தையே மாற்றும். கப்பி வரையும்போது இதை நன்றாகப் பார்க்கலாம். பின் தகடு, அதன் மேல் சக்கரம், அதன் மேல் கயிறு, எல்லாவற்றுக்கும் முன்னால் முன் தகடு. இரண்டு தகடுகளும் ஒரே உலோகம், ஒரே நிறம், ஆகவே இரண்டையும் சேர்த்து குரூப் செய்வோம் என்று தோன்றும். செய்தால் பின் தகடு குதித்து, கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் முன்னால் வந்து நின்றுவிடும். ஒரு குரூப்பில் இருப்பவை அடுக்கில் அடுத்தடுத்துத்தான் இருக்க முடியும், நடுவில் வெளியாளுக்கு இடமில்லை. பிறகு அன்குரூப் செய்தாலும் தகடு பழைய இடத்துக்குத் திரும்பாது. செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட் ஒன்றுதான் வழி, அதுவும் உடனே கவனித்தால். ஒளி ஊடுருவும் படங்களிலும் இதே கதை. நுரையீரலின் துண்டுகளைத் தனித்தனியே பாதி மங்கலாக்கினால், ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் கறுத்துத் தெரியும். குரூப் செய்து மொத்தமாக மங்கலாக்கினால் ஒரே சீராக இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் அந்த குரூப்பைக் கலைத்தால், குரூப்புக்குக் கொடுத்த மங்கலும் அதோடு போய்விடும்.

புதியவர்கள் இன்னொரு இடத்திலும் தடுக்கி விழுவார்கள். கோரல்டிராவில் குரூப் கன்ட்ரோல் ஜி, கம்பைன் கன்ட்ரோல் எல். இரண்டும் ‘சேர்ப்பது’தானே என்று மாற்றி அழுத்துவார்கள். கம்பைன் செய்தால் எல்லாம் உருகி ஒரே பொருளாகிவிடும், நிறமும் ஒன்றாகிவிடும், ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் ஓட்டையாகிவிடும். அதைப் பிரிக்க அன்குரூப் உதவாது, பிரேக் அபார்ட் வேண்டும், கன்ட்ரோல் கே.

தமிழ் எழுத்தில் பிரேக் அபார்ட் செய்யும்போது நெஞ்சு பதறும். எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி, பிறகு பிரித்தால், ‘ம’வின் உள்ளே இருக்கும் வெற்றிடம் தனித் துண்டாகி நிறம் நிரம்பிக்கொள்ளும். அது பளிச்சென்று கண்ணில் படும், திருத்திவிடலாம். புள்ளி அப்படி இல்லை. ‘ல்’லின் தலையில் இருக்கும் சின்ன வட்டம் தனிப் பொருளாகிவிடும். சொல்லை நகர்த்தும்போது அது பின்தங்கிவிட்டால், ‘கல்’ என்று இருந்தது ‘கல’ என்று ஆகிவிடும். எழுத்துப்பிழை திருத்தியாலும் பிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே இருப்பது எழுத்தே இல்லை, வெறும் வளைகோடு. ஆகவே எழுத்தைப் பிரிக்க நேர்ந்தால், வேலை முடிந்த கையோடு ஒவ்வோர் எழுத்தையும் அதன் புள்ளியோடும் கொம்போடும் சேர்த்து குரூப் செய்துவிடுகிறேன்.

கலைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த படங்களில் ஒற்றைக் கோட்டுக்கு நான்கு குரூப் சுற்றியிருக்கும். அவை யாரும் யோசித்துப் போட்டவை அல்ல. அங்கே தயங்காமல் கலைத்துவிட்டு, நானே புதிதாகச் சேர்ப்பேன்.

நான் அதிக நேரம் யோசித்தது அந்தப் பூப் படத்தின் கோடுகளைப் பற்றித்தான். கோட்டின் ஒரு முனை பெயரிடம் இருக்கிறது, மறு முனை உறுப்பிடம் இருக்கிறது. யாரோடு குரூப் செய்வது? முதலில் பெயரோடு சேர்த்தேன். பார்க்க இயல்பாக இருந்தது, ஏனென்றால் கோடும் எழுத்தும் ஒரே கறுப்பு. ஆனால் பெயர்களை ஒழுங்குபடுத்த மேலும் கீழும் நகர்த்தும்போதெல்லாம், கோட்டின் நுனி உறுப்பை விட்டு நழுவியது. அடுத்து, கோட்டை உறுப்போடு சேர்த்தேன். இப்போது பெயரை நகர்த்தினால் பெயர் மட்டும் கோட்டை விட்டு விலகியது. அது உடனே கண்ணை உறுத்தியது. ஆகவே அதுவே சரி என்று முடிவு செய்தேன். நழுவுவது எதுவோ நழுவட்டும், அது பளிச்சென்று தெரிய வேண்டும். தப்பான உறுப்பைத் தொடும் கோடு யார் கண்ணிலும் படாது.

இப்போது உறுப்பும் கோடும் ஒரு குரூப். பெயர்கள் எல்லாம் தனி லேயரில், வேறு மொழிக்கு மாற்றும்போது அந்த லேயரை மட்டும் தொட்டால் போதும். ஒவ்வொரு குரூப்புக்கும் ‘சூற்பை’, ‘சூலகத்தண்டு’ என்று பெயர் வைக்கிறேன். பேனலில் ‘குரூப்’, ‘குரூப்’, ‘குரூப்’ என்று முப்பது வரி இருந்தால் அடுத்துத் திறப்பவர் எதை நம்பித் தொடுவார்?

ஃபைலை அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். சூற்பையைப் பிடித்துக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுப்பேன். கோடு கூடவே வருகிறதா என்று பார்ப்பேன். கன்ட்ரோல் இசட். அடுத்து சூலகத்தண்டு. கன்ட்ரோல் இசட். பதினொன்றும் முடியும்வரை.