இரட்டை நிழல்

அறுவை அரங்கில் என் கையில் கத்தி கிடையாது. கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியைத் தள்ளிப்போய், மருத்துவர் கேட்கும் கோணத்தில் படம் காட்டுவது என் வேலை. உடைந்த எலும்புக்கு ஆணி வைக்கும்போது அவ்வளவு பயம் இல்லை. முட்டிச்சில்லு அடிக்கடி விலகுகிறவர்களுக்குச் செய்யும் எம்.பி.எஃப்.எல். அறுவையில்தான் எனக்கு வியர்க்கும்.

எம்.பி.எஃப்.எல். என்பது, சில்லு வெளிப்பக்கம் நழுவிவிடாமல் உள்பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்கிற தசைநார். முதல் முறை சில்லு விலகும்போதே பெரும்பாலும் கிழிந்துவிடும். பிறகு சில்லை லேசாக வெளியே தள்ளிப் பார்த்தாலே நோயாளி நம் கையைப் பிடித்துக்கொள்வார். தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, ஒரு முனையைச் சில்லிலும் மறுமுனையைத் தொடையெலும்பிலும் பொருத்துவதுதான் சிகிச்சை. தொடையெலும்பில் எங்கே துளையிடுவது என்பதில்தான் சிக்கல். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த இடத்தை 2007இல் ஷோட்லே என்ற எலும்பு மருத்துவரின் குழுவினர் வரையறுத்தார்கள்: எலும்பின் பின்விளிம்பை நீட்டி வரையும் கோட்டுக்கு 1 மி.மீ. முன்னால், எலும்பின் கீழ்முனையில் உள்ள இரண்டு குமிழ்களில் உட்குமிழின் பின்வளைவு தொடங்கும் மட்டத்துக்கு 2.5 மி.மீ. கீழே.

மில்லிமீட்டர் கணக்கெல்லாம் படம் சரியாக இருந்தால்தான். குமிழ்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே நிழலாகத் தெரிய வேண்டும். கால் சற்றே திரும்பியிருந்தாலும், கோலத்தில் ஒரே இழையை இரண்டு முறை இழுத்ததுபோல வளைவு இரண்டாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மருத்துவமனையில், அப்படியொரு இரட்டை இழையைத் திரையில் பார்த்தேன். அன்றைக்கு அது நான்காவது அறுவை. "போதும், தெரிகிறது" என்றார் மருத்துவர். இன்னொரு முறை திருப்பிப் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். கல்லூரியில் கபடி ஆடியவள். முட்டியை மடக்கச் சொன்னேன். "இவ்வளவுதான் அண்ணா வருகிறது" என்றாள். நாற்காலியில் உட்காரும் அளவுக்குக்கூட மடங்கவில்லை. "தினமும் பயிற்சி செய்கிறாள் தம்பி, ஏன் இப்படி?" என்று அவள் அம்மா என்னைத்தான் கேட்டார். டாக்டர் சொல்வார் என்றேன்.

இந்த முறை நிழல் ஒன்றாகவே விழுந்தது. துளை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே இருந்தது. கால் நீட்டியதிலிருந்து 30 பாகை மடங்கும்வரைதான் அந்தத் தசைநாருக்கு முக்கிய வேலை. பிறகு சில்லைத் தொடையெலும்பின் பள்ளமே தாங்கிக்கொள்ளும். துளை மேலேறிப் போனால், மடக்க மடக்க நார் இறுகும். முட்டி மடங்காததற்கு வேறு காரணங்களும் உண்டு, தெரியும். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த இரட்டை இழையைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

போன வாரமும் ஓர் அறுவை. இப்போதுள்ள மருத்துவர் என்னைவிட இளையவர்.

"வந்துவிட்டதா அண்ணா?"

"இன்னும் ஓர் இழை இருக்கிறது சார்."

துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, குதிகாலைப் பிடித்து அவரே மெல்லத் திருப்பினார். நான் எக்ஸ்ரே மிதியை அழுத்தினேன்.