தம்பியின் பி.எஸ்.பி.யும் அழிந்துபோன பதினொரு வீடியோக்களும்

‘ஒத்திசை’ என்ற பொத்தானை அழுத்தி நான்கு நொடிகூட ஆகியிருக்காது. தம்பியின் பி.எஸ்.பி. என்ற சோனி கையடக்க விளையாட்டுக் கருவியின் மெமரி ஸ்டிக்கில், அதாவது அதன் நினைவக கார்டில், இருந்த வீடியோ கோப்புறை காலியாகிவிட்டது. தம்பி கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் நண்பர்களோடு எடுத்த பதினொரு வீடியோக்கள் அதில் இருந்தன. எடுத்த தொலைபேசி எப்போதோ தொலைந்துபோனது. வேறெங்கும் பிரதி கிடையாது. மஸ்கட்டில் இருக்கும் அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தபடியே அன்று இரவு முழுக்க விழித்திருந்தேன்.

டிசம்பர் விடுமுறைக்கு அவன் வருவதாக இருந்தான். “அந்த பி.எஸ்.பி.யை எடுத்துத் தயார் செய்து வை அண்ணா. பெரிய கார்டு ஒன்று போடு, பாட்டும் படமும் ஏற்று. ஆனால் என் சேவ் மட்டும் அழிந்தது என்றால் உன்னோடு பேசவே மாட்டேன்” என்றான். சேவ் என்றால் விளையாட்டில் அவன் எட்டிய இடத்தைச் சேமித்து வைத்திருக்கும் கோப்பு. 2009இல் அவன் சேமித்து வாங்கிய பி.எஸ்.பி. 3000 அது. உள்ளே 4 ஜி.பி. மெமரி ஸ்டிக் புரோ டியூவோ, இடமே இல்லாமல் நிரம்பிக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

பீரோவிலிருந்து எடுத்ததும் கண்ணில் பட்டது, பின்புறம் பேட்டரி மூடி விலகி நின்றதுதான். பேட்டரி உப்பியிருந்தது. பழைய பி.எஸ்.பி. வைத்திருக்கும் யாராக இருந்தாலும் இன்றே மூடியைத் திறந்து பாருங்கள். உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மாற்றுப் பேட்டரி கேட்டு, சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் முறை போனது ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலான கடைகள் மூடிக்கிடந்தன. மறுமுறை போனபோது ஒரு கடைக்காரர் கருவியைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. “இதெல்லாம் இப்போது யார் சார் வைத்திருக்கிறார்கள்? வீட்டில் குழந்தை இருந்தால் விளையாடக் கொடுத்துவிடுங்கள்” என்றார். உப்பிய பேட்டரியோடு இருக்கும் ஒன்றைக் குழந்தையிடம் கொடுக்கச் சொல்கிறாரே என்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பேட்டரி இல்லாமலே, சார்ஜரில் செருகியபடி பி.எஸ்.பி. ஓடும் என்பதை அன்று மாலைதான் கண்டுகொண்டேன். கோப்புகளை மாற்ற அது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: நடுவில் மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பும் போய்விடும். மின்தடை வரக்கூடிய நேரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். இன்னொன்று, பேட்டரி இல்லாமல் சிஸ்டம் மென்பொருளைப் புதுப்பிக்க அது சம்மதிக்காது. பாட்டும் படமும் ஏற்றுவதற்குப் புதுப்பிப்பு தேவையும் இல்லை.

அடுத்து கேபிள். பி.எஸ்.பி.க்கு வேண்டியது பழைய மினி யு.எஸ்.பி.; இப்போது புழக்கத்தில் இருக்கும் எந்தத் தொலைபேசிக் கேபிளும் பொருந்தாது. பக்கத்துத் தெருக் கடையில் ஒன்று வாங்கினேன். யு.எஸ்.பி. இணைப்பு என்ற நிலைக்குக் கருவியைக் கொண்டுபோனால் கணினியில் எதுவுமே தெரியவில்லை. டிரைவர் கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் கணினியோடு போராடினேன். கடைசியில் பார்த்தால் அது மின்சாரம் மட்டும் கடத்தும் கேபிள், உள்ளே தரவுக் கம்பியே இல்லை. அலுவலக நண்பர் பழைய கேமரா ஒன்றின் கேபிளைக் கொடுத்தார். செருகியதுமே மெமரி ஸ்டிக் சாதாரண பென் டிரைவ் போலத் திறந்தது.

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். கோப்புறைகள் கண்முன்னே இருந்தன: வீடியோ, மியூசிக், பிக்சர், பிறகு பி.எஸ்.பி. என்று ஒன்று, அதற்குள் சேவ்டேட்டா. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் 2010இல் இதையெல்லாம், கணினியிலிருந்து கருவிக்குக் கோப்புகளை ஏற்றும் மேலாளர் மென்பொருள் வழியாகத்தான் செய்தோம் என்ற நினைவு என்னை விடவில்லை. அதற்கும் முந்தைய காலத்தில் அந்த வழக்கத்துக்கு நியாயமும் இருந்தது. தொடக்க கால பி.எஸ்.பி. மென்பொருளில் வீடியோவை எம்பி_ரூட் என்ற கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை போட்டு, குறிப்பிட்ட எழுத்துகளும் ஐந்து இலக்க எண்ணும் கொண்ட பெயரில் வைத்தால்தான் கருவி அதைக் கண்டுகொள்ளும். ஒரு எழுத்து தவறினாலும் படம் தெரியாது. அந்த வேலைக்குத்தான் சோனி மீடியா மேனேஜர், வெளியார் செய்த பி.எஸ்.பி. வீடியோ 9 போன்ற மென்பொருள்கள் உதவின. 2009இல் பி.எஸ்.பி. கோ என்ற மாடல் வந்தபோது சோனியின் மீடியா கோவும் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கருவிக்கு வந்த புதுப்பிப்புகள் வீடியோ என்ற எளிய கோப்புறையை ஏற்றுக்கொண்டன. அதன் பிறகு பெயர் எப்படி இருந்தாலும் கருவிக்குக் கவலையில்லை.

மீடியா கோ நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே இணையத்தில் தேடி வேறொரு மேலாளர் மென்பொருளை இறக்கினேன். நிறுவும்போதே உலாவியில் கேட்காத பட்டை ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதையும் பொறுத்துக்கொண்டு மேலே போனதுதான் என் தவறு. ஒத்திசைப்பது என்றால் இரண்டு பக்கமும் இருப்பவற்றைச் சேர்த்துவைப்பது என்று நினைத்தேன். அந்த மென்பொருளுக்கோ கணினியில் இருக்கும் பட்டியல்தான் உண்மை. கார்டு அதன் நகலாக இருக்க வேண்டும். என் கணினியில் பட்டியல் காலி. கார்டையும் காலி செய்துவிட்டது. ‘அழிக்கட்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேவ்டேட்டாவை மட்டும் அதற்கு முன்பே மேசைத்தளத்துக்கு நகலெடுத்திருந்தேன். தம்பி போட்ட மிரட்டல் காப்பாற்றியது. அந்த மென்பொருள் சேவ் பக்கம் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நகல் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அன்று இரவு நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதை நான் சரியாகச் செய்தேன். அழிந்தது என்று தெரிந்ததும் கார்டில் வேறு எதையும் எழுதவில்லை. ஒரு பாட்டைக்கூட ஏற்றிப் பார்க்கவில்லை. கோப்பு அழிந்தால் முதலில் போவது அதன் முகவரிதான். தரவு அதே இடத்தில் இருக்கும், புதிதாக ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை. கணினியில் பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டு, ஆரஞ்சு விளக்கு அணைந்ததும் கார்டைக் கழற்றி உறையில் போட்டுவைத்தேன். மறுநாள் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். பெயருக்குப் புகைப்படம் மீட்பது என்றாலும் வீடியோவையும் மீட்கும். மீட்டவற்றைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் ஒருபோதும் சேமிக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் ஓடியது. பழைய பெயர்கள் எதுவும் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் வீடியோவில் விடுதி மொட்டை மாடி, வாளியைத் தட்டித் தாளம் போடும் தம்பி. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவரும் அளவுக்குக் கத்திவிட்டேன். பதினொன்றில் ஒன்பது திரும்பக் கிடைத்தன.

இந்த மகிழ்ச்சியில் புதிய கார்டு வாங்கப் போனேன். 16 ஜி.பி. மெமரி ஸ்டிக் என்று அழகான அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். பழைய கார்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு எதையும் நம்பும் மனநிலையில் நான் இல்லை. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய சோதனை மென்பொருளை ஓட்டினேன். அது கார்டு முழுக்கத் தரவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். 2 ஜி.பி.யைத் தாண்டியதும் எல்லாம் பிழை. உள்ளே இருந்தது 2 ஜி.பி., வெளியே சொல்வது 16. சோதிக்காமல் தம்பியின் சேவ் கோப்புகளை அதில் போட்டிருந்தால் இடம் நிரம்பும்போது ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயிருக்கும். திருப்பிக் கொடுக்கப் போனேன். “பிரித்துவிட்டீர்களே” என்றார்கள். கணினித் திரையைப் படம் எடுத்துக் கொண்டுபோயிருந்ததால் வாதாட முடிந்தது. பாதிப் பணம் கைக்கு வந்தது, மீதி வரவில்லை.

பழைய மெமரி ஸ்டிக்குகளில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. என் யோசனை: மைக்ரோ எஸ்.டி. கார்டை மெமரி ஸ்டிக் புரோ டியூவோ வடிவத்துக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள். விலை சொற்பம். தொலைபேசிக்கு வாங்குவது போல நல்ல மைக்ரோ எஸ்.டி. ஒன்றை நம்பிக்கையான இடத்தில் வாங்கி அதில் போடலாம். ஒரே கார்டு போடும் அடாப்டர் போதும். கார்டைச் செருகிய பிறகு கணினியில் ஃபார்மேட் செய்ய வேண்டாம், பி.எஸ்.பி.யின் அமைப்புகளிலேயே மெமரி ஸ்டிக்கை ஃபார்மேட் செய்யும் வசதி இருக்கிறது. நான் 32 ஜி.பி. போட்டேன், ஒரு குறையும் இல்லை.

வீடியோக்களில்தான் மறுபடியும் நேரம் போனது. என் தொலைபேசியில் எடுத்த குடும்ப வீடியோக்களை அப்படியே இழுத்துப் போட்டேன். திரையில் ‘ஆதரிக்கப்படாத தரவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். இன்றைய தொலைபேசிகள் பல, வீடியோவைச் சுருக்கும் ஹெச்.265 முறையில் பதிவு செய்கின்றன, பி.எஸ்.பி. அதை அறியாது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், பழைய முறையான ஹெச்.264 ஆக மாற்றினேன். அப்போதும் அதே வரி. நான்கு முறை மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஹெச்.264இலேயே படிநிலைகள் உண்டு. நான் மாற்றியது ‘ஹை’ நிலையில், பி.எஸ்.பி. ஏற்பது ‘மெயின்’ வரைதான்.

எனக்கு ஓடிய அளவுகளைத் தருகிறேன்: எம்பி4 கோப்பு, மெயின், லெவல் 3, அகலம் 480, உயரம் 272, நொடிக்கு 29.97 பிரேம் மாறாத வேகத்தில், ஒலி ஏ.ஏ.சி. முறையில் 128 கே.பி.பி.எஸ்., அதாவது நொடிக்கு அத்தனை கிலோபிட் தரவு. படத்துக்கு 768 கே.பி.பி.எஸ். கொடுத்தால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 400 எம்.பி. வரும். 480க்கு 272 என்பது அந்தத் திரையின் சொந்த அளவு. 720க்கு 480 வரை ஏற்கும் என்றாலும், 4.3 அங்குலத் திரையில் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, இடம்தான் வீண். தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ என்றால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்து அளவை நிரப்புங்கள், இல்லாவிட்டால் முகங்கள் இழுபட்டுத் தெரியும். தொலைபேசி வீடியோக்களின் பிரேம் வேகம் ஏறி இறங்கும் வழக்கமுள்ளது. அதை மாறாத வேகமாக்காமல் விட்ட ஒரு வீடியோவில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனது.

மேலாளர் மென்பொருள் செய்துகொடுத்த ஒரே அழகான வேலை, வீடியோவுக்கு முன்னே தெரியும் சின்னப் படம். அதையும் கையாலேயே செய்யலாம். 160க்கு 120 அளவில் ஒரு ஜேபெக் படம் எடுத்து, வீடியோவின் பெயரையே வைத்து, முடிவில் டி.ஹெச்.எம். என்று மாற்றி, அதன் பக்கத்திலேயே போட்டால் போதும். மீட்ட ஒன்பது வீடியோக்களுக்கும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்தேன். எது எந்த நாள் என்று தம்பிக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்ற ஆசை.

பாட்டு ஏற்றுவதில் சிக்கலே இல்லை. எம்பி3 கோப்புகளை மியூசிக்கில் போட்டேன், பாடின. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று அடுக்காதீர்கள், ஒரு நிலையோடு நிறுத்துங்கள். தமிழில் பெயரிட்ட பாட்டுகளின் பெயர் திரையில் படிக்கும்படி வரவில்லை. இருநூறு பாட்டுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் மாற்ற ஒரு மாலைப்பொழுது ஆனது. இன்னொரு குழப்பம்: மனைவியின் மேக் கணினியிலிருந்து கொஞ்சம் பாட்டு ஏற்றியபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் திறக்காத கோப்பு ஒன்று முளைத்தது. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் அந்தக் கோப்புகள் மேக் தானாக எழுதுபவை. விண்டோஸ் கணினியில் செருகி அழித்துவிட்டேன்.

கடைசியாக சேவ். சேவ்டேட்டாவுக்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் நான்கு எழுத்தும் ஐந்து எண்ணும் கொண்டு தொடங்கும் பெயரில் தனித்தனிக் கோப்புறை இருக்கும். உள்ளே இருப்பதைப் பிரிக்காமல், பெயரை மாற்றாமல், கோப்புறையை முழுதாக நகலெடுக்க வேண்டும். எடுத்து வைத்தபின் கருவியின் கேம் பட்டியலில், சேமித்த தரவுகளைக் காட்டும் இடத்தைத் திறந்து பாருங்கள். படமும் விளையாட்டின் பெயரும் தேதியும் வந்தால் சேவ் நலமாக இருக்கிறது. தம்பியின் பதினேழும் வரிசையாக வந்தன. அந்தத் திரையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். வீடியோக்கள் அழிந்ததையும், இரண்டு திரும்பாததையும் அதே செய்தியில் எழுதிவிட்டேன். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு அழைத்தான். திரும்பாத இரண்டில் ஒன்று, விடுதி ஆண்டு விழாவில் அவன் பாடியது. கூடப் பாடிய நண்பனிடம் இருக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

பழைய 4 ஜி.பி. கார்டை நான் ஃபார்மேட் செய்யவில்லை. உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, ‘எதையும் எழுதாதே’ என்று சிவப்பு மையில் குறித்து, பீரோவில் நிலப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். விடுமுறையில் அவன் வந்ததும் இருவரும் உட்கார்ந்து இன்னொரு முறை மீட்டுப் பார்க்கப்போகிறோம்.